சத்தமில்லாமல் வாய் அசைத்த குற்றம்

முதலில் கத்திரிக்கோல் வெளியே வந்தது.

ஒரு சாண் நீளம். சோபாத் துணி வெட்டுவது. தியேட்டர் வாசலில் செக்யூரிட்டி அதன் பதத்தைத் தன் கட்டைவிரலில் ஓட்டிப் பார்த்தார். ரத்தம் துளிர்த்தது. விரலை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"இதைச் சாப்பிட முடியுமா?"

"முடியாதுங்க."

"உள்ள போகலாம்."

அடுத்து வளைந்த ஊசிகள். பிறகு குத்தூசி. பிறகு ஆணி பிடுங்கும் குறடு, ஒரு சுத்தியல். ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வி, அதே பதில், அதே அனுமதி. சோபா தைத்துக் கொடுக்கிற சோபாக்காரர் அவசரத்தில் வேலைப் பையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டிருந்தார். ஒரு கொலைக்கு வேண்டிய அத்தனையும் அந்த மேசைமேல் கிடந்தது. செக்யூரிட்டியின் முகத்தில் சலனமே இல்லை.

பையின் அடியிலிருந்து ஃபிளாஸ்க் வந்தது.

செக்யூரிட்டி இரண்டடி பின்வாங்கினார். இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியை உருவினார்.

"கேட்லேருந்து பேசறேன். திரவம். திரும்பச் சொல்றேன், திரவம்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் தங்கள் பைகளை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். சோபாக்காரர் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் அரங்கத்தின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கதவுக்குப் பின்னால் அவளுடைய குரல் இருந்தது. உலகத்தில் அது மிச்சமிருந்த ஒரே இடம் அதுதான்.

டப்பிங் தியேட்டர்களில் அவளுக்கு அழுகை அக்கா என்று பெயர். கதாநாயகிகளுக்கு மூக்கு உறிஞ்ச வரும், கண்ணைக் கசக்க வரும். அழுவது அக்கா. பிரசவ வலியில் அலறுவது அக்கா. விபத்து நடந்த இடத்தில் 'ஐயோ' என்று கூடுகிற பத்துப் பேரில் நான்கு பேர் அக்கா. இத்தனை வருஷத்தில் வசனம் என்று ஒன்று அவள் பேசியதில்லை. கடைசியாக ஒரு படத்தில் கிடைத்தது. மழையில் தவிக்கிற நாயகனிடம் அவனுடைய அக்கா போனில் பேச வேண்டும். முகம் கிடையாது, குரல் மட்டும். "வாசல் விளக்கைப் போட்டு வச்சிருக்கேன். பயப்படாம வா." அவ்வளவுதான். அதைப் பேசிவிட்டு வந்த கொஞ்ச நாளில் தொண்டையில் கட்டி. டாக்டர்கள் உயிரைக் கொடுத்துவிட்டு, குரலை எடுத்துக்கொண்டார்கள். மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துளை வைத்தார்கள். கதிர்வீச்சில் உமிழ்நீரும் வற்றிப்போனது. அடிக்கடி ஒரு மிடறு வெந்நீர் வேண்டும். இல்லாவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இருமல் கிளம்பினால் மூச்சு முட்டும். ஜில் தண்ணீர் ஆகவே ஆகாது.

பெண்டாட்டி குரலை யார் பதிவு செய்து வைக்கிறார்கள்? சோபாக்காரர் தன் போனைச் சல்லடை போட்டுத் தேடியிருந்தார். கிடைத்தது ஒரே ஒரு வீடியோ. அதை எடுத்தவளே அவள்தான். "சிரிங்க" என்றுகூடச் சொல்லாமல் கையை மட்டும் ஆட்டியிருக்கிறாள்.

படம் படுத்துவிட்டது. எந்த டிவிக்காரரும் வாங்கவில்லை. இன்றைய பகல் காட்சியோடு தூக்குகிறார்கள். வசனம் இடைவேளைக்கு முன்னால் வருகிறது.

"வெந்நீர்தான் தம்பி" என்றார் சோபாக்காரர். "இவங்களுக்கு உடம்பு சரியில்ல."

"எந்தத் தண்ணி?"

"வீட்டுக் குழாய்த் தண்ணி."

"வீடு தியேட்டருக்குள்ள இருக்கா?"

"இல்லீங்களே."

"அப்ப வெளித்தண்ணி. உள்ள நாங்களே தண்ணி விக்கிறோம் சார். ஐஸ்ல போட்டு வச்சிருக்கோம்."

"வெந்நீர் கிடைக்குமா?"

"அதைத் தனியா விக்கிறதில்ல. காபி வாங்குங்க. அதுக்குள்ள இருக்கும்."

அவள் உதடு அசைந்தது. சத்தம் வராது. அவளுடைய உதட்டைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஆள், சோபாக்காரர். 'இவன் அம்மா இவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தாளா, சட்டம் ஊட்டி வளர்த்தாளா கேளுங்க' என்றாள்.

"கொஞ்சம் பெரிய மனசு பண்ணச் சொல்றா தம்பி" என்றார் சோபாக்காரர். மனைவியின் பேச்சை ஊருக்குச் சொல்லும்போது ஒரு கரண்டி சர்க்கரை சேர்த்துவிடுவது அவர் வழக்கம்.

செக்யூரிட்டியின் பார்வை இப்போது அவள் கழுத்தில் சுற்றியிருந்த துணியில் நின்றது.

"அதுக்குள்ள என்ன?"

"அதை விடுங்க தம்பி. ஆபரேஷன் பண்ண இடம்."

"போன வாரம் ஒருத்தர் தொப்பிக்குள்ள கேக் வச்சுக்கிட்டு வந்தாரு. அவரும் ஆபரேஷன்னுதான் சொன்னாரு."

சோபாக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவளே துணியை அவிழ்த்துவிட்டாள். பொட்டளவு துளை. அதன் வழியே காற்று போய் வருகிற மெல்லிய சீற்றம். வரிசையில் ஒரு பெண்மணி தன் குழந்தையின் முகத்தைத் திருப்பினாள். செக்யூரிட்டிக்கு நெற்றியில் வேர்த்தது. ஆனால் பயிற்சி பெற்றவர். குனிந்து பார்த்தார்.

"இது வழியா சாப்பிட முடியுமா?"

"மூச்சு விடறதுங்க அது."

"வெளிக்காத்து." கொஞ்ச நேரம் யோசித்தார். "வெளிக்காத்து பத்தி எங்களுக்கு இன்னும் ஒண்ணும் சொல்லல. துணியைக் கட்டிக்குங்க. ஃபிளாஸ்க்கோட அந்த மேசைக்குப் போங்க."

அந்த மேசைக்கு மேல் 'வாடிக்கையாளர் உரிமை' என்று பலகை மின்னியது. எந்தப் படத்தின் விளம்பரமும் அவ்வளவு பெரிதாக இல்லை. கீழே ஒரு பெண், காலையில் மாட்டி மாலையில் கழற்றுகிற ஒரு புன்னகையோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க சார். உங்க உரிமையெல்லாம் சொல்லிடட்டுமா? முதல்ல, சோதனை செய்யப்படற உரிமை. அதை இப்பத்தான் அனுபவிச்சிருக்கீங்க, வாழ்த்துகள். அடுத்தது, கொண்டுவந்ததைக் குப்பைத் தொட்டியில போடற உரிமை. எந்தத் தொட்டின்னு நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அதுல நாங்க தலையிடவே மாட்டோம்."

"அம்மா, படம் போட்டுடுவாங்க. நாங்க உள்ள போகணும்."

"தாராளமா போங்க. ரெண்டு பேருக்கும் டிக்கெட் இருக்கே. தண்ணிக்குத்தான் இல்ல."

"தண்ணிக்கும் ஒரு டிக்கெட் வாங்கிடறேம்மா."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த மேசைப் பெண்ணும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"டிக்கெட் குடுத்தா தண்ணியும் எங்க வாடிக்கையாளர் ஆயிடும் சார். ஒரு வாடிக்கையாளரை இன்னொரு வாடிக்கையாளர் குடிக்கிறதை நாங்க எப்படி அனுமதிக்க முடியும்?"

"இது மருந்து மாதிரிம்மா. டாக்டர் சொன்னது."

"மருந்துன்னா விடலாம்" என்றாள் புன்னகை குறையாமல். "ஆனா நிரூபிக்கணும். நோயாளி குடிச்சா எல்லாமே மருந்துதான். நல்ல உடம்புக்காரர் குடிச்சு, அவருக்குத் தாகம் தீர்ந்துச்சுன்னா, அது பானம். பானத்துக்குத் தடை. சோதிச்சுடலாமா?"

பதிலுக்குக் காத்திராமல் செக்யூரிட்டியைக் கூப்பிட்டாள். அவர் மூடியில் ஊற்றிக் குடித்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"தாகம் தீர்ந்துச்சு மேடம்."

"ஒருத்தர் சொன்னா போதாது. பாரபட்சம்னு சொல்லிடுவாங்க."

லிஃப்ட் ஓட்டுகிற ஊழியர் வந்து குடித்தார். தரை துடைக்கிற அம்மாள் வந்து குடித்தாள். "காலையிலேருந்து தொண்டை கரகரன்னு இருந்துச்சு, இப்ப இதமா இருக்கு" என்று சோபாக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். மிச்சத்தை உரிமை மேசைப் பெண்ணே கவிழ்த்துக் குடித்தாள். ஃபிளாஸ்க்கைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்துவிட்டு நீட்டினாள்.

"பானம்தான் சார். உறுதியாயிடுச்சு. ஆனா உங்களுக்கு ஒரு நல்ல சேதி. காலி ஃபிளாஸ்க்குக்குத் தடை இல்ல."

கதவுக்குப் பின்னால் தடதடவென்று இசை அதிர்ந்தது. படம் ஆரம்பித்துவிட்டது.

மனைவி சோபாக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தாள். 'நாக்கு ஒட்டுது' என்றாள். அதைச் சொல்லும்போதே உதடு பிரிய மறுத்தது. வெறும் வாயோடு உள்ளே போனால் மழைக் காட்சி வருவதற்குள் இருமல் வந்துவிடும். இருமினால் மூச்சு நிற்கும். மூச்சைப் பார்ப்பாளா, வசனத்தைக் கேட்பாளா? இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

சோபாக்காரர் மேனேஜரின் அறைக்கு ஓடினார். பின்னால் அவளும் ஓடினாள்.

மேனேஜர் ஒரு கிண்ணத்தில் பாப்கார்னை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மிகவும் அன்பாகப் பேசினார்.

"படம் பாக்க வந்தேன்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் தப்பு பண்றீங்க. நாங்க நடத்தறது பாப்கார்ன் கடை. நின்னுக்கிட்டே தின்னா கால் வலிக்குமேன்னு நாற்காலி போட்டோம். சும்மா உட்கார்ந்தா பொழுது போகாதேன்னு எதிர்ல ஒரு திரையைக் கட்டினோம். ஜனங்க பாப்கார்னை விட்டுட்டுத் திரையையே பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. அது எங்க தப்பா?"

"ஐயா, ஒரு டம்ளர் வெந்நீர்."

"குடுக்கலாம். மனுஷன்தானே நானும். ஆனா இன்னிக்கு உங்க சம்சாரத்துக்குக் குடுத்தா, நாளைக்கு ஊர்ல இருக்கற அத்தனை பேரும் தொண்டையில ஓட்டை போட்டுக்கிட்டு வந்து நிப்பாங்க. ஒரு வெந்நீருக்காக ஜனங்களோட ஆரோக்கியத்தைக் கெடுக்கச் சொல்றீங்களா?"

அவள் உதடு அசைந்தது. 'இவன் வீட்டு அடுப்புல பூனை தூங்க.'

"உங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கணும்னு சொல்றா ஐயா" என்றார் சோபாக்காரர். கண் கலங்கியிருந்ததால் அது உண்மையாகவே ஒலித்தது.

மேனேஜர் மகிழ்ந்து அவளுக்கு ஒரு பாப்கார்னை நீட்டினார். ஒன்றே ஒன்று. உலர்ந்த நாக்குக்கு அது மணல் மூட்டை. அவள் வாங்கவில்லை.

சோபாக்காரர் நேராகத் தின்பண்டக் கவுன்டருக்குப் போனார். செக்யூரிட்டி சொன்னது அவருக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. காபிக்குள் வெந்நீர் இருக்கிறது.

"ஒரு காபி. சர்க்கரை வேணாம். பால் வேணாம். காபித்தூளும் வேணாம்."

கவுன்டர்காரர் இடம் வலம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் கப்புல என்ன சார் இருக்கும்?"

"அதுதான் வேணும்."

"சர்க்கரையை நீக்கத் தனிக் கட்டணம் சார். பாலை நீக்கத் தனிக் கட்டணம். தூளை நீக்கறதுக்கு மேனேஜர் கையெழுத்து வேணும், ஆனா நீங்க பெரிய பாப்கார்ன் வாங்கினா நான் கண்டுக்க மாட்டேன்."

"எல்லாத்தையும் போட்டுக்குங்க. சீக்கிரம் குடுங்க."

பர்ஸ் காலியானது. பாப்கார்னைக் கவுன்டரிலேயே விட்டுவிட்டு, ஒரு காகிதக் கப்பை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு அவர் வந்தார். பச்சைக் குழந்தையைக்கூட அவர் அத்தனை பத்திரமாகத் தூக்கியதில்லை. அவள் ஒரு மிடறு குடித்தாள். நாக்கு பிரிந்தது. இரண்டு பேரும் இருட்டுக்குள் நுழைந்தார்கள்.

உள்ளே ஆங்காங்கே நாலைந்து தலைகள். திரையில் வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

வசனம் தவறிப்போகவில்லை. மழை இன்னும் வரவில்லை.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு கை தானாகக் காதுக்குப் போனது, ஹெட்போனை அழுத்திப் பிடிப்பதுபோல. சோபாக்காரர் திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். முதல் துளி விழுந்தது. நாயகன் நனைந்துகொண்டே ஓடினான். அவள் உதடு அசைய ஆரம்பித்தது.

தன் வசனம் வருவதற்கு முன்பே எதிராளியின் வசனத்தையும் சேர்த்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு போவது டப்பிங்காரர்களின் வழக்கம். அப்போதுதான் தங்கள் இடம் வரும்போது உதடு பிசகாமல் பொருந்தும். ஓடுகிற ரயிலில் ஏறுகிறவன் கூடவே கொஞ்ச தூரம் ஓடுவதுபோல. நாயகன் பேசப் பேச, அவளும் கூட ஓடிக்கொண்டிருந்தாள்.

மாடியில் ஓர் அறை. அங்கே ஒரு சிறிய திரை. அரங்கத்தின் இருட்டில் எந்த நாற்காலியில் வாய் அசைந்தாலும் அதில் ஒரு புள்ளி தோன்றும். உள்ளே வாங்கித் தின்கிறவர்களுக்குப் பச்சை. இந்த நாற்காலிக்கு உள்ளே போனது காபி மட்டும், பாப்கார்ன் கவுன்டரிலேயே கிடக்கிறது என்று கணினி சொன்னது. காபியை யாரும் மெல்ல மாட்டார்கள். புள்ளி சிவந்தது.

டார்ச் வெளிச்சம் அவள் முகத்தில் அறைந்தது.

"மேடம், வாயில என்ன?"

அதே செக்யூரிட்டி. திரைக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அவ பேசறா தம்பி!" சோபாக்காரர் பதறினார். "ரெண்டே நிமிஷம், தம்பி. உங்க கால்ல வேணா விழறேன். அப்புறம் எங்க கூப்பிட்டாலும் வரோம்."

"பேசினா சத்தம் வரணும் சார். சத்தம் இல்லாம வாய் அசைஞ்சா அது மெல்லறது. எங்க பயிற்சியில முதல் பாடமே அதுதான்."

திரையில் நாயகன் போனை எடுத்துக் காதில் வைத்தான். மணி போயிற்று.

"வாயைத் திறங்க மேடம்."

விவகாரம் சட்டென்று முடியட்டும் என்று அவள் வாயை அகலத் திறந்தாள். டார்ச் உள்ளே பாய்ந்தது. செக்யூரிட்டி வாக்கிடாக்கியை உயர்த்திக் கட்டைக் குரலில் ஆரம்பித்தார்.

"உள்ளேருந்து பேசறேன். வாய் திறந்தாச்சு. மேல்பல்லு பாத்துட்டேன், சுத்தம். இப்ப கீழ்ப்பல்லு..."

படத்தில், மறுமுனையில் யாரோ போனை எடுத்துவிட்டார்கள். ஒரு பெண் குரல் ஏதோ சொல்லத் தொடங்கியது. செக்யூரிட்டி சொன்ன 'கீழ்ப்பல்லு'க்கு அடியில் அது நசுங்கியது.

சோபாக்காரர் வாழ்நாளில் யார்மேலும் கை வைத்ததில்லை. அந்தக் கை இப்போது எழுந்து, சோபாவுக்குள் பஞ்சை அடைத்து அமுக்குகிற அதே பலத்தோடு, செக்யூரிட்டியின் வாயை அமுக்கியது.

அரங்கம் முழுக்க மழை.

"...பயப்படாம வா."

லேசான கரகரப்பு. பேசிக்கொண்டே சிரிக்கிறாளோ என்று தோன்றுகிற ஓர் இழுப்பு. அவள் வாய் இன்னும் திறந்தே இருந்தது. டார்ச் வெளிச்சம் இன்னும் அதற்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. குரல் அங்கிருந்து வந்ததுபோலவே இருந்தது.

பிறகு இடி. பிறகு வேறு காட்சி.

மேனேஜரின் அறையில் இந்த முறை பாப்கார்ன் இல்லை. செக்யூரிட்டி தன் வாயைத் துடைத்துத் துடைத்துச் சிவக்க வைத்திருந்தார்.

"ஊழியர் வாய்க்குள்ள வெளிப்பொருளைத் திணிச்சிருக்கீங்க" என்றார் மேனேஜர். "எங்க சரித்திரத்துல இப்படி நடந்ததில்ல. ஏம்ப்பா, அந்தக் கை எப்படி இருந்துச்சு?"

"உப்பா இருந்துச்சு சார்."

"ருசி வேற இருந்திருக்கு. அப்ப அது உணவுதான்." மேனேஜர் பெருமூச்சு விட்டார். "நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல. போலீஸுக்குப் போக மாட்டேன். ரெண்டு பேரும் மன்னிப்புக் கேளுங்க, விட்டுடறேன். எழுதிக் குடுத்தாச் செல்லாது, வாயால கேக்கணும். பதிவு பண்ணிப் புதுசா சேர்ற ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டுவோம்."

"நான் கேக்கறேன் ஐயா. எத்தனை தடவை வேணாலும் கேக்கறேன். அவளுக்குக் குரல் இல்லீங்க."

"முதல்ல அசைஞ்சது அவங்க வாய்தான். எல்லாருக்கும் ஒரே சட்டம்." ஒலிப்பதிவுக் கருவியை மேசை நடுவில் வைத்து அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. "ஆரம்பிக்கச் சொல்லுங்க."

அவள் மேனேஜரைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தாள். 'பாதிதான் கேட்டேன்' என்றாள்.

"என்ன சொல்றாங்க?"

சோபாக்காரர் வழக்கம்போலச் சர்க்கரையைத் தேடினார். மன்னிச்சுக்கச் சொல்றா ஐயா. அந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் தலையை ஆட்டினாள். கையை நீட்டி அவர் மணிக்கட்டின்மேல் விரலை வைத்தாள். 'நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. ஒண்ணும் சேர்க்க வேணாம்.' விரல் அழுந்தியது.

அவள் உதடு அசைந்தது. அவர் பேசினார்.

"அது என் குரல்."

"எது?" என்றார் மேனேஜர்.

"மழையில வந்துச்சே, அது. என்கிட்ட வேற இல்ல. அதை உங்க கடையில வாங்கல. நானே வெளியிலேருந்து கொண்டுவந்து, எப்பவோ உள்ள வச்சது. அதுல பாதியை உங்க ஆள் தின்னுட்டான்."

மேனேஜர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். கணவனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி கணவனைப் பார்த்தார்.

"இருங்க. இப்ப யார் பேசறது? நீங்களா, அவங்களா?"

அவள் நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தாள். அவரும் கூடவே ஓடிக்கொண்டிருந்தார், ஓர் எழுத்துப் பிசகாமல்.

"மிச்சப் பாதி எனக்கு வேணும். மறுபடி போடு. மழை ஆரம்பிக்கற இடத்துலேருந்து போடு."

"சார்" என்றார் செக்யூரிட்டி. அவர் கண்கள் அவள் வாயிலேயே நிலைத்திருந்தன. "வாயும் அசையுது, சத்தமும் வருது சார். பாடத்துப்படி பாத்தா, இவங்க பேசறாங்க சார்."

"நீ சும்மா இருய்யா!" மேனேஜர் எழுந்தார். ஒலிப்பதிவுக் கருவியை அணைக்கக் கையை நீட்டினார்.

மணிக்கட்டில் விரல் இன்னும் அழுத்தமாக விழுந்தது.

"கையை எடு" என்றார் சோபாக்காரர். "நான் இன்னும் பேசி முடிக்கல."